தாய்ப்படியும் வழங்குபடியும்

விதைநெல்லும் உணவுநெல்லும் ஒரே வயலில் விளைபவையே. எனினும், தாமிரபரணிப் பாசனத்தில் உழுதுண்டு வாழும் குடியானவர் எவரும் அவ்விரண்டையும் ஒரே குதிரில் கொட்டிவைப்பதில்லை. உணவுநெல் குற்றப்படும், அரிசியாகும், ஊரார்க்கெல்லாம் வழங்கப்படும். விதைநெல்லோ கைபடாமல் தனியே காக்கப்படும். அரிசியை மீண்டும் நெல்லாக்குதல் இயலாது என்பதை அவர் நன்கறிவார். இவ்வெளிய அறிவைப் படங்களைக் கையாளும் விஷயத்தில் கற்றறிந்த நாம் மறந்துவிடுகின்றோம் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க விரும்பும் குறையாகும்.

கணினியிலும் கைப்பேசியிலும் நாம் சேர்த்துவைக்கும் படங்கள் பல்வேறு கோப்பு வடிவங்களில் அமைகின்றன. ஜேபெக், பி.என்.ஜி., டிஃப், ஜிஃப், வெப்பி, ஹெய்க், பி.டி.எஃப். என அவற்றின் பெயர்கள் பல. ஒரு வடிவத்திலுள்ள படத்தை மற்றொரு வடிவத்திற்கு மாற்றுவது இன்று விரல்நுனியால் ஆகும் காரியம். எளிதில் ஆவதனாலேயே அது தீங்கற்றது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அஃது அவ்வாறன்று. சில மாற்றங்கள் எவ்வித இழப்புமின்றி நிகழ்பவை; சிலவோ படத்தின் ஒரு பகுதியை என்றென்றைக்கும் அழித்துவிடுபவை. எது எத்தகையது என்று அறிந்து தேர்தல் வேண்டும்.

இவ்விஷயத்தை ஒரு கல்லூரி மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். பழைய ஆண்டு மலர்கள், விடுதிக் குழுப்படங்கள், விளையாட்டு விழாப் புகைப்படங்கள், பழைய மாணவர் இல்லங்களில் கிடக்கும் கடிதங்கள், ஓலைச்சுவடிகள் ஆகிய யாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட வேண்டுமென்னும் ஆர்வம் இன்று எங்கும் பெருகியிருக்கின்றது. இவ்வார்வம் போற்றத்தக்கது. ஆயின், ஏற்றும் வகை அறியாது ஏற்றினால், காத்துவிட்டோம் என்ற திருப்தி நமக்கு மிஞ்சுமேயன்றிக் காக்க வேண்டிய பொருள் மிஞ்சாது. ஒருமுறை ஏற்றியாயிற்று என்றவுடன் மூலத்தின்மேல் உள்ள கவனம் குறைந்துபோவது மனித இயல்பு.

இதற்கு நம் நாட்டு வரலாறே சான்று பகரும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் பழந்தமிழ் நூல்களின் ஏடுகளைத் தேடி இத் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக அலைந்ததை நம்மிற் பலரும் அறிவர். ஆழ்வார்திருநகரியில் கவிராயர் குடும்பத்தாரிடம் பத்துப்பாட்டின் ஏடு அவர்களுக்குக் கிடைத்தது. 1889 ஆம் ஆண்டில் அந்நூல் அச்சேறியது. அது மகிழ்ச்சிக்குரிய பகுதி. மற்றொரு பகுதியும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகள் இருந்தன என்று கேட்டு அவர்கள் அங்கே சென்றபோது, அவை பழுதுற்றமையால் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டன என்னும் செய்தியே விடையாகக் கிடைத்தது. இதனைத் தம் வரலாற்றில் அவர்களே மனம் நொந்து குறித்திருக்கின்றார்கள். அவ்வாறு செய்தவர் தீயோரல்லர். பழைய ஏட்டைத் தூய முறையில் கழிப்பதாகவே அவர் எண்ணினர். மூலம் அழிவது பெரும்பாலும் பகைவராலன்று. நல்லெண்ணமுடையவரின் கவனக்குறைவாலேயே என்பதை நாம் இதிலிருந்து அறிகின்றோம்.

ஏட்டைப் பார்த்து ஏடெழுதிய காலத்தில், ஒவ்வொரு படியிலும் சில பிழைகள் புகுந்தன. அப் படியைப் பார்த்து எழுதிய அடுத்த படியில் அப்பிழைகளோடு புதிய பிழைகளும் சேர்ந்தன. பாடபேதங்கள் மலிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். கணினியில் எடுக்கும் படி அச்சுவார்த்தாற்போல் ஒன்றாகவே இருக்கும், அதில் பிழை புகாது என்பது பொதுவான நம்பிக்கை. கோப்பை உள்ளபடியே நகலெடுக்கும் வரையில் அது மெய்யே. கோப்பைத் திறந்து, ஏதேனும் திருத்தி, சுருக்கி, மீண்டும் சேமிக்கும்போது அந்நம்பிக்கை பொய்த்துப்போகலாம். எவ்வாறு என்பதை ஒருவாறு விளக்குவோம்.

கணினிப் படம் என்பது சிறு சிறு படப்புள்ளிகளின் வரிசை. பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோர் இழை நெருக்கத்தைக் கொண்டே பாயின் நயத்தைக் கூறுவர். அதுபோல, ஓர் அங்குலத்தில் எத்தனை படப்புள்ளிகள் என்பதைக் கொண்டே ஸ்கேன் படத்தின் நுட்பம் அமைகின்றது. ஏ4 அளவுள்ள ஒரு தாளை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால், அகலத்தில் 2,480 புள்ளிகளும் நீளத்தில் 3,508 புள்ளிகளும் அமையும். மொத்தம் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகளைக் குறிக்க மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே, எவ்விதச் சுருக்கமுமின்றி வைத்தால் அவ்வொரு பக்கம் 26 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். இப்பெரும் அளவைக் குறைக்கும் வழிகளில் வேறுபடுவதே கோப்பு வடிவங்கள் பலவாய்த் தோன்றியதற்கு முதற்காரணம்.

சுருக்கம் இருவகைப்படும். ஒன்று இழப்பற்ற சுருக்கம். 'வெள்ளை, வெள்ளை, வெள்ளை' என்று நூறுமுறை எழுதுவதற்கு மாறாக 'வெள்ளை நூறு' என்று எழுதிவைப்பது போன்றது அது. விரித்தபோது ஒரு புள்ளியும் மாறாமல் பழைய படமே வந்து நிற்கும். 1996 ஆம் ஆண்டில் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட பி.என்.ஜி. இவ்வகையைச் சார்ந்தது. 1986 இல் ஆல்டஸ் என்னும் நிறுவனம் ஸ்கேன் படங்களுக்கென வகுத்த டிஃப் வடிவமும், சுருக்கமின்றியோ இழப்பற்ற சுருக்கத்துடனோ படங்களைத் தாங்கவல்லது. உலகின் பெரிய நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பல டிஃப் வடிவத்தையே மூலப்படிக்கு ஏற்றதாகக் கொண்டிருக்கின்றன.

மற்றொன்று இழப்புள்ள சுருக்கம். 1992 இல் தரமாக வெளிவந்த ஜேபெக் வடிவம் இதற்குத் தலைசிறந்த சான்று. அது மனிதக் கண்ணின் இயல்பை ஆராய்ந்து அமைத்த நுண்ணிய வேலைப்பாடு. நம் கண் ஒளியின் வேறுபாட்டைக் கூர்ந்து காண்பது. நிறத்தின் நுண்வேறுபாட்டை அவ்வளவாகக் காணாதது. ஆதலின் ஜேபெக் முதலில் படத்தை ஒளி வேறாகவும் நிறம் வேறாகவும் பிரிக்கின்றது. ஒளியைப் புள்ளிதோறும் வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகக் குறைத்துவிடுகின்றது. பின்னர், எட்டுக்கு எட்டாக 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் படத்தை வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் பரந்த சாயல்களைக் கருத்தாகவும் நுண்ணிய கீற்றுகளைத் தோராயமாகவும் குறித்துவைக்கின்றது. மிகச் சிறிய கீற்றுகள் சுழியமாகிப் போகும். நாம் குறிக்கும் 'தரம்' என்னும் எண் குறையக் குறைய இத் தோராயம் பெருகும்.

இவ்வேலைப்பாடு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதே உணரவேண்டிய இடம். பாபநாசத்து மலையும், வயல்வெளியும், மனித முகமும் போன்றவற்றில் சாயல்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன. அத்தகைய புகைப்படத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் கண்ணுக்கு வேறுபாடு தோன்றுவது அரிது. எழுத்தும் கோடும் அவ்வாறல்ல. வெள்ளைத் தாளில் கருமை திடீரென்று தொடங்கித் திடீரென்று முடிவது எழுத்து. அங்கே நுண்கீற்றைத் தோராயமாக்கினால், எழுத்தின் ஓரத்தில் அழுக்குப்போல் ஒரு மங்கல் படிகின்றது. மெய்யெழுத்தின் புள்ளி அம்மங்கலில் மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகும். அம்மங்கல் புள்ளிபோல் தோன்றினால் 'பல' என்பது 'பல்' ஆகும்.

ஓலைச்சுவடியின் நிலை இன்னும் நுட்பமானது. சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியிடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டுவதில்லை. ரகரத்திற்கும் காலுக்கும் உருவம் ஒன்றே. படிப்பவர் இடம் நோக்கியே உய்த்துணர வேண்டும். எழுத்தாணி கீறிய கோடோ மயிரிழை போன்றது. மை ஏறாத இடத்தில் ஓலையின் நிறமே கோட்டின் நிறம். பூச்சி அரித்த துளை எது, எழுத்தின் சுழி எது என்று தெளிய வேண்டுமாயின், அந்நுண்கீற்றே துணை. அதனைத்தான் இழப்புள்ள சுருக்கம் முதலிற் கைவிடுகின்றது. கடனா நதி தாமிரபரணியோடு கூடும் திருப்புடைமருதூரில், கோபுரத்தின் உள்நிலைகளில் காணும் சுவரோவியங்களைப் போன்றவற்றிற்கோ நிறமே உயிர். நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்ற கணக்கு அங்கே செல்லாது. ஆகவே, ஓலை, ஓவியம், பழைய அச்சு, கையெழுத்து ஆகியவற்றின் தாய்ப்படி இழப்பற்ற வடிவிலேயே இருத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.

மாற்றத்தின் திசையைப் பற்றியும் ஒரு மயக்கம் உலவுகின்றது. ஜேபெக் படத்தை பி.என்.ஜி. யாகவோ டிஃப்பாகவோ மாற்றிவிட்டால் தரம் உயர்ந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். அரிசியைக் குதிரில் கொட்டிவிட்டு முளைக்கும் என்று காத்திருப்பது போன்றது இது. கோப்பு பருக்கும், போன நுட்பம் திரும்பாது. அம்மாற்றத்தால் ஒரே நன்மை, அதன்பின் அதனைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது மேலும் இழப்பு நேராது என்பதே. மாறாக, ஜேபெக்கைத் திறந்து, ஓரம் வெட்டி, ஒளி கூட்டி, மீண்டும் ஜேபெக்காகவே சேமித்தால், தோராயத்தின்மேல் தோராயம் ஏறும். ஏடு பார்த்து ஏடெழுதிய பழைய கதையே மீண்டும் நிகழும்.

வாட்ஸாப்பில் அனுப்பப்படும் படங்களின் கதையும் இதுவே. பழைய மாணவர் ஒருவர் தம் தந்தையார் காலத்துக் குழுப்படத்தை அன்புடன் ஸ்கேன் செய்து, அதனைப் படமாக அனுப்புகின்றார். அஃது அளவிலும் தரத்திலும் குறுக்கப்பட்டே வந்து சேர்கின்றது. பன்னிரண்டு அங்குல அகலமுள்ள குழுப்படத்தில் ஒருவர் முகம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும் என்று கொள்வோம். அங்குலத்திற்கு 600 புள்ளியாக ஸ்கேன் செய்திருந்தால் அம்முகத்தின் அகலம் 236 புள்ளி. முழுப்படமும் 1,600 புள்ளி அகலமாகக் குறுக்கப்பட்டால் அம்முகம் 53 புள்ளியாகிவிடும். எட்டுப் புள்ளிக் கட்டங்கள் ஆறேழனுள் ஒரு மனிதர் அடங்கிவிடுவார். இவர் நம் பாட்டனார்தாமா என்று பேரப்பிள்ளை உற்றுநோக்கும்போது அங்கே கட்டங்களே காணப்படும். அதே கோப்பை 'ஆவணம்' என்ற வழியாக அனுப்பினால் உள்ளபடியே சென்று சேரும். இச்சிறு செய்தியை அறிந்தோர் அறியாதோர்க்குச் சொல்லுதல் கடமை.

முற்றும் கறுப்பு வெள்ளையாக மாற்றுதல் இதனினும் கடுமையானது. அங்கே ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, இடைநிறம் இல்லை. 26 மெகாபைட் பக்கம் ஏறத்தாழ ஒரு மெகாபைட்டாகக் குறைந்துவிடுவதனால் இது பலரைக் கவர்கின்றது. ஆனால், மங்கிய எழுத்து வெள்ளையாகவும் பழுப்பேறிய தாள் கறுப்பாகவும் போய்விடுவது உண்டு. இவ்வகைப் படங்களைச் சுருக்கும் சில முறைகள் ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளை ஒரே உருவாகக் கொண்டு, ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றின் இடத்தில் அதனையே பதித்துவிடும். 2013 ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் என்பவர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேன் பொறிகள் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டு வெளியிட்டார். 6 இருந்த இடத்தில் 8 நின்றது. எழுத்து மங்கியிருந்தால் ஐயம் எழும்; இங்கோ தெளிவான, அழகான, பொய்யான எண் நின்றது. நிறுவனத்தார் பின்னர்த் திருத்தம் வெளியிட்டனர். நிலப்பத்திரத்திலும், மதிப்பெண் பட்டியலிலும், கல்வெட்டின் ஆண்டெண்ணிலும் இவ்வாறு நேர்ந்தால் விளைவு யாதாகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்க.

இவ்வளவும் கூறியதனால் ஜேபெக்கை நாம் வெறுப்பதாக எவரும் கருதவேண்டா. மாணாக்கர்க்கு அன்றாடம் பயன்படுவது அதுவே. அரசுப் பணித்தேர்வுகளுக்கு இணையவழி விண்ணப்பம் செய்யும்போது, புகைப்படம் ஜேபெக் வடிவில் 20 முதல் 50 கிலோபைட்டுக்குள்ளும், கையொப்பம் 10 முதல் 20 கிலோபைட்டுக்குள்ளும் இருத்தல் வேண்டுமெனப் பல தேர்வு நிறுவனங்கள் விதித்திருக்கின்றன. கடைசி நாளன்று இரவில் இணைய மையத்தின் வாயிலில் நின்று தவிக்கும் மாணாக்கர் பலர். அவர்க்கு ஒன்று கூறுவோம். மூன்றரை சென்டிமீட்டர் அகலமும் நாலரை சென்டிமீட்டர் உயரமும் உள்ள படம், அங்குலத்திற்கு 300 புள்ளியில் 413 க்கு 531 புள்ளிகளே. சுருக்கமின்றி அஃது ஏறத்தாழ 658 கிலோபைட். அதனை 50 கிலோபைட்டாக்குவது பதின்மூன்றில் ஒரு பங்கே. ஜேபெக்கிற்கு அது சிரமமன்று. பலர் செய்யும் தவறு யாதெனின், கைப்பேசி எடுத்த பல ஆயிரம் புள்ளி அகலமுள்ள படத்தை அளவு குறைக்காமல் தரத்தை மட்டும் அடிமட்டத்திற்கு இறக்குவதே. முகம் கட்டங்கட்டமாகி விண்ணப்பம் தள்ளப்படுகின்றது. முதலில் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க. பின்னரே தரத்தைக் குறைக்க. கையொப்பத்தையும் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் இட்டு, தாளின் வெற்றிடத்தை வெட்டியெறிந்து, அவ்வாறே செய்க.

வேறு சில வடிவங்களையும் சுருங்கக் கூறுவோம். ஆப்பிள் கைப்பேசிகள் 2017 முதல் கையாளும் ஹெய்க் வடிவம் ஜேபெக்கைவிடக் குறைந்த இடத்தில் அதே நயத்தைத் தருவது; ஆனால் விண்ணப்பத் தளங்கள் பல அதனை ஏற்பதில்லை. ஆதலின் அனுப்புமுன் ஜேபெக்காக மாற்றிக்கொள்ளல் வேண்டும். கூகுள் 2010 இல் வெளியிட்ட வெப்பி, இணையப் பக்கங்களுக்கு உகந்தது. ஜிஃப் 1987 இல் தோன்றியது. ஒரு படத்தில் 256 நிறங்களே கொள்வதனால் அசையும் சிறு படங்களுக்கன்றிப் புகைப்படங்களுக்கு உதவாது. கல்லூரி முத்திரை, வரைபடம், அட்டவணை ஆகியவற்றிற்கு பி.என்.ஜி. நன்று, முத்திரையைச் சிறு தாளிலும் பெரும் பதாகையிலும் அச்சிட வேண்டுமாயின், கோடுகளைக் கணக்காகவே எழுதிவைக்கும் எஸ்.வி.ஜி. அதனினும் நன்று. எவ்வளவு பெருக்கினும் அதன் ஓரம் சிதையாது. பி.டி.எஃப். என்பது பக்கங்களைக் கட்டிவைக்கும் உறை போன்றது. உள்ளே இருக்கும் படம் எவ்வகைச் சுருக்கத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தே அதன் தரம். 'பி.டி.எஃப். ஆக வைத்திருக்கின்றோம்' என்னும் விடை, 'பெட்டியில் வைத்திருக்கின்றோம்' என்பது போன்றதே; உள்ளே பட்டா பருத்தியா என்பது அதனால் விளங்காது.

தாய்ப்படிக்கு வடிவம் தேரும்போது மற்றொன்றும் கருதத்தக்கது. அவ்வடிவம் பொதுவில் வெளியிடப்பட்டதாய், எவரும் தடையின்றிக் கையாளத்தக்கதாய் இருத்தல் வேண்டும். ஜிஃப் கையாண்ட சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை கொண்டிருந்தது. 1994 ஆம் ஆண்டின் இறுதியில் அதற்குக் கட்டணம் கோரப்பட்டபோது உலகெங்கும் எழுந்த மனத்தாங்கலே பி.என்.ஜி. பிறந்தமைக்குக் காரணமாயிற்று. அமெரிக்காவில் அக்காப்புரிமை 2003 இல் முடிவடைந்தது. ஒரு நிறுவனத்தின் விருப்பத்திற்குக் கட்டுப்பட்ட வடிவத்தில் ஒரு நாட்டின் நினைவை வைத்தல் தகாது என்பது அதனால் உலகு கற்ற பாடம்.

நம் கருத்திற்கு எதிராகக் கூறப்படுவனவற்றுள் முதன்மையானது இடமும் செலவும் பற்றியது. ஏழை மாணாக்கரும் சிறு நிறுவனங்களும் இவ்வளவு பெருங்கோப்புகளை எங்கே வைப்பர் என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுமலர் ஒன்று நூறு பக்கம் என்று கொண்டால், ஐம்பது ஆண்டு மலர்கள் 5,000 பக்கம். பக்கத்திற்கு 26 மெகாபைட் வீதம் மொத்தம் 130 கிகாபைட். சட்டைப்பையில் அடங்கும் ஒரு டெராபைட் வட்டில் அஃது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே ஆகும். நாற்பது சென்டிமீட்டர் நீளமும் மூன்றரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓலையை அங்குலத்திற்கு 600 புள்ளியில் இருபுறமும் எடுத்தால் 47 மெகாபைட். நூறு ஓலைச் சுவடி 4.7 கிகாபைட். இழப்பற்ற சுருக்கத்தால் இவை இன்னும் குறையும். ஒரு தலைமுறைக்கு முன் இவ்வளவு இடம் அரிதாயிருந்தது, இன்று அவ்வாறில்லை. உண்மையில் பெருஞ்செலவு வட்டுக்கன்று. ஒவ்வொரு தாளையும் எடுத்து விரித்து ஸ்கேன் செய்யும் மனித உழைப்பிற்கே. அவ்வுழைப்பை ஒருமுறை செலவிட்டுப் பெற்றதை, இடத்திற்காகச் சுருக்கிக் கெடுப்பது சிக்கனமாகாது. மேலும், நொறுங்கும் தாளும் முறியும் ஓலையும் மற்றொருமுறை விரிக்க இடந்தரும் என்பது நிச்சயமன்று.

எல்லாப் படத்தையும் இவ்வாறு வைக்க வேண்டுமென்பதும் நம் கருத்தன்று. உணவு விடுதியில் எடுத்த வேடிக்கைப் படத்திற்கும், அறிவிப்புப் பலகையைப் பார்த்து எடுத்த படத்திற்கும் ஜேபெக் போதும். அவற்றுட் பல அழிந்தாலும் குற்றமில்லை. மீண்டும் பெறமுடியாதது எதுவோ அதற்கே தாய்ப்படி வேண்டும்.

மீண்டும் பெறமுடியாமை என்பது இப்பள்ளத்தாக்கினர்க்கு வெறுஞ்சொல்லன்று. 1992 ஆம் ஆண்டு நவம்பரில் தாமிரபரணி பெருகியதை முதியோர் மறந்திலர். 2023 டிசம்பர் 17, 18 ஆம் நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வீடுகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் நீர் புகுந்தது. நீர் புகுந்த வீட்டில் அரிசியும் துணியும் மீண்டும் வாங்கப்படும். சுவரில் மாட்டியிருந்த திருமணப்படத்தையும், பெட்டியிலிருந்த பத்திரத்தையும், பரணிலிருந்த சுவடியையும் எக்கடையில் வாங்குவது? வட்டும் கணினியும் நீருக்கு விலக்கல்ல. ஆகவே, தாய்ப்படி மூன்று இருத்தல் வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். தாமிரபரணி கடலோடு கூடும் புன்னைக்காயலில் பணிபுரிந்த அண்ட்ரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578 இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அச்சிறு நூலை இன்று காணவேண்டுமாயின், அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டுப் பல்கலைக்கழக நூலகத்தை நாடவேண்டியிருக்கின்றது. அச்சான ஊரில் இல்லாதது கடல்கடந்த ஊரிற் பிழைத்திருப்பதே, படிகள் பிரிந்திருத்தலின் நன்மையைக் காட்டும்.

இனி, நம் கல்லூரிக் குடும்பத்தார்முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, பழைய மலர்களையும் படங்களையும் சுவடிகளையும் ஸ்கேன் செய்வோர், இழப்பற்ற டிஃப் வடிவில், அச்சுப் பக்கத்திற்கு அங்குலத்திற்கு 300 புள்ளியும், புகைப்படத்திற்கும் ஓலைக்கும் 600 புள்ளியும் குறையாமல், நிறத்துடன் எடுக்க. பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எடுக்க. இரண்டாவது, அத்தாய்ப்படியைத் திறந்து திருத்தலாகாது. திருத்தமும் சுருக்கமும் அதன் நகலிலேயே நிகழ்க. அந்நகலிலிருந்து இணையத்திற்கு ஜேபெக்கோ வெப்பியோ, படிப்பதற்கு பி.டி.எஃப். ஓ, வேண்டியவாறு வழங்குபடிகளை ஆக்கிக்கொள்க. மூன்றாவது, குழுப்படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்க. யார் யார், எந்த ஆண்டு, எவ்விடம் என்பவற்றை நினைவுடையோர் உள்ளபோதே கேட்டு எழுதுக; பெயரில்லா முகம் எவ்வளவு தெளிவாயிருந்தும் பயனென்ன? நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறை வட்டுகளைத் திறந்து கோப்புகள் நலமாயுள்ளனவா என்று பார்க்க. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றுக. ஐந்தாவதும் தலையாயதும் யாதெனின், ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலத்தை எறியாதிருத்தல். 1978 ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சிட்ட மலர்களில் ணை, லை முதலிய எழுத்துகளின் பழைய உருவங்களைக் காணலாம். தாளின் தன்மையும் மையின் தன்மையும் கட்டின் தன்மையும் அம்மலரிலேயே உள்ளன. எந்தக் கோப்பு வடிவமும் அவற்றையெல்லாம் கொள்ளாது.

இவற்றைச் செய்யப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நூலகத்தில் ஒரு மேசை, ஒரு ஸ்கேன் பொறி, மூன்று வட்டு, விடுமுறையில் சில நாட்களைக் கொடுக்கும் மாணாக்கர் நால்வர், அவர்க்கு வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும். தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே மேசையில் அமர இதனினும் நல்ல வாய்ப்பு வேறில்லை. ஒருவர்க்கு எழுத்தின் அருமை தெரியும். மற்றவர்க்குக் கோப்பின் இயல்பு தெரியும். இரண்டும் கூடினாலன்றி இக்காரியம் நிறைவேறாது.

முன்னோர் பனையோலையைத் தேர்ந்து, பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மையிட்டு, கயிறு கோத்து, சட்டமிட்டு வைத்தனர். எதில் எழுதுவது, எவ்வாறு காப்பது என்பதும் கல்வியின் ஒரு பகுதி என்று அவர் கருதினர். ஓலை தேர்ந்த அக்கருத்து நமக்கும் வேண்டும். வழங்குபடியைத் தாராளமாக வழங்குவோமாக. தாய்ப்படியைக் கண்ணின் மணிபோற் காப்போமாக.